லயத்து வாசலில் பட்டாசு: இலங்கை மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கிழமையே பட்டாசுப் பேச்சும் தொடங்கிவிடும். முதலுதவி வகுப்புக்காகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வருகிற எனக்கு, ஹட்டன் பக்கம் போனாலும் பண்டாரவளைப் பக்கம் போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வந்து சேர்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பட்டாசுப் பெட்டியில் அச்சடித்திருக்கிற எச்சரிக்கைகள் தட்டை நிலத்தில், தனி வீட்டில் இருக்கிறவர்களை நினைத்து எழுதியவை. நமக்கோ லயம், அதாவது வரிசை வீடு: ஒரே கூரையின் கீழ் பல குடும்பம், காலடியில் சரிவு, மெயின் ரோட்டுக்குப் போகக் கல்ரோடு. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி பட்டாசைப் பற்றியது, மீதி இடத்தைப் பற்றியது.

"பட்டாசு போட ஒரு தனி இடம் வேணுமா? தாத்தா காலத்துல இருந்து வாசல்லதானே போடுறோம்?"

வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஒரு லயத்து வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விறகுக் கட்டு, கொடியில் காயாத உடுப்பு, சில வீடுகளில் காஸ் சிலிண்டரும் அங்கேயே. மேலே பார்த்தால் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கைநுழைகிற இடைவெளி. குளிர் வராமல் இருக்க அதில் சாக்கும் பழைய துணியும் அடைத்திருப்பார்கள். ஒரு தீப்பொறி அதில் போய் உட்கார்ந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே புகைந்து புகைந்து கூரை மரத்தைப் பிடித்த பிறகுதான் தெரியும். கூரை எல்லாருக்கும் பொது, ஆகவே தீயும் பொது.

பெரும்பாலான தோட்டங்களில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களம் இருக்கிறது. இல்லாவிட்டால் பாடசாலை மைதானம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் இருக்கிற வெட்டவெளி. தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, அந்த இரவு மட்டும் அதை எல்லா லயத்துக்கும் பொது இடமாக வைத்துக்கொள்ளலாம். வாசலில் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்? சும்மா பத்தடி போதாதா?"

போதாது. பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டத்தில் கொளுத்துகிற சிறிய வகைக்குப் பார்வையாளர் 8 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், பெரிய வகைக்கு 25 மீற்றர். 8 மீற்றர் என்றால் இருபத்தாறு அடி. பழைய லயக் காம்பராவின் (அறையின்) அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது நமக்குத் தெரியும். ஆக, இரண்டு காம்பராவைத் தாண்டி நிற்க வேண்டும். உங்கள் வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஒருமுறை காலடி வைத்து அளந்து பாருங்கள். முந்திய பதிலில் பிரட்டுக்களம் என்று ஏன் சொன்னேன் என்பது புரியும்.

சரிவில் இன்னொரு விஷயம்: கொளுத்துகிற இடத்துக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. தரைச் சக்கரமும் சரிந்து விழுந்த பூவாணமும் கீழ்நோக்கித்தான் வரும். மேட்டு லயத்தில் போடுகிற வெடி பணிய லயத்துக் கூரையில் விழுவது இப்படித்தான்.

"கம்பி மத்தாப்பு சின்னப் புள்ளைக்குக் குடுக்கலாம்தானே? அது வெடிக்காதே."

வெடிக்காதுதான். ஆனால் எரிகிற நுனியில் சூடு 1000 பாகை செல்சியஸையும் தாண்டும். கொதிதண்ணீரே 100 பாகைதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கையில் கொடுக்கவே வேண்டாம், நீங்கள் பிடித்துக் காட்டுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையில் மத்தாப்புப் பிடிப்பதும் வேண்டாம். பொறியைப் பிடிக்கத்தான் குழந்தை கையை நீட்டும். பெரிய பிள்ளை என்றால் ஒரு நேரத்தில் ஒன்று, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், ஓடக்கூடாது.

எரிந்து முடிந்த கம்பியை என்ன செய்கிறோம்? புல்லுக்குள் எறிகிறோம். நெருப்பு அணைந்த பிறகும் கம்பி நேரம் எடுத்துத்தான் ஆறும், இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்து அதன் மேல் மிதிக்கும். நான் பார்க்கிற தீபாவளிக் காயங்களில் உள்ளங்கால் சூடு அடிக்கடி வருகிறது. ஒரு வாளித் தண்ணீரை நடுவில் வைத்து, எரிந்த கம்பியை அதற்குள் போடப் பழக்குங்கள். 'சுர்ர்' என்ற சத்தத்துக்காகவே பிள்ளைகள் போடுவார்கள்.

"நைலான் உடுப்பு வேணாம்னு சொல்றீங்க. இந்தக் குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம எப்படி வெளிய நிக்கிறது?"

பருத்தி உடுப்பு போடுங்கள் என்ற அறிவுரை கொழும்புக்குச் சரி. நுவரெலியாவில் விடியற்காலை நான்கு மணிக்கு யார் கேட்பார்கள்? உள்ளே பருத்திச் சட்டை இரண்டு போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் உண்மையான கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் நல்லது. கம்பளி லேசில் பற்றாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பஞ்சு மாதிரியான ஜாக்கெட்டும் அக்ரிலிக் ஸ்வெட்டரும்தான் ஆபத்து. அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கொளுத்துகிறவர் மட்டுமாவது இதைக் கவனித்தால் போதும். சால்வையின் நுனி, சேலை முந்தானை, தாவணி எல்லாவற்றையும் இழுத்துச் செருகிவிடுங்கள். காலில் செருப்பை விடச் சப்பாத்து நல்லது.

"எண்ணெய் தேய்ச்ச உடம்போட வெடி போடலாமா?"

குளித்துவிட்டுப் போடுங்கள். எண்ணெய்க் கையில் தீப்பெட்டி வழுக்கும், எண்ணெய் ஊறிய துண்டு நன்றாகப் பற்றும்.

"எதால பத்த வைக்கிறது நல்லது? லைட்டர் சரியா?"

லைட்டரும் தீக்குச்சியும் கையைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். நீண்ட ஊதுபத்தி, அல்லது ஒரு குச்சி நுனியில் கட்டிய ஊதுபத்தி போதும். கையை நீட்டி, முகத்தைப் பக்கவாட்டில் வைத்து, வெடிக்கு மேலே குனியாமல் பற்ற வையுங்கள். பற்றியதும் பின்வாங்கிப் போகிற வழி எது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கான் (வடிகால்) இருக்கிறதா, படி இருக்கிறதா என்று தெரியாமல் பின்வாங்கி விழுந்து காலை முறித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

கையில் பிடித்துப் பற்றவைத்து எறிவது பற்றிக் கேட்கவே வேண்டாம். திரி எவ்வளவு வேகத்தில் எரியும் என்பது அதை முறுக்கிய கைக்குக்கூடத் தெரியாது.

"வெடி பத்தாம போயிட்டா? கிட்டப் போய் ஊதிப் பாக்கலாமா?"

கூடாது. திரி வெளியே அணைந்த மாதிரி இருந்தும் உள்ளே மெதுவாக எரிந்துகொண்டிருக்கலாம். இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு தூரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றி, வாளிக்குள் போட்டு ஊறவிடுங்கள். இரண்டாவது முறை பற்றவைக்கிற பேச்சே வேண்டாம்.

வெடிக்காதவற்றை மறுநாள் காலையில் பொறுக்கி, மருந்தைக் கொட்டிச் சேர்த்துப் பெரிய வெடி செய்கிற பழக்கம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன்களிடம் இருக்கிறது. விரல் போவது பெரும்பாலும் இந்த வேலையில்தான். வெடியைப் பால்மா டின்னுக்குள்ளோ போத்தலுக்குள்ளோ வைத்து வெடிப்பதும் அப்படித்தான், டின்னும் கண்ணாடியும் சிதறிச் சுற்றி நிற்கிறவர் மேல் பாயும். ஆகவே காலையில் பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் டோர்ச்சோடு போய்ப் பொறுக்கிவிடுவது நல்லது.

"ஐப்பசி மழையில பட்டாசு எல்லாம் ஈரமாயிருச்சு. அடுப்புக்கு மேல அட்டல்ல வச்சுக் காய வைக்கிறோம். பரவாயில்லதானே?"

இந்தக் கேள்வி வராத தோட்டம் இல்லை, கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அட்டலில் விறகு காய்கிறது, கீழே அடுப்பு எரிகிறது, நடுவில் வெடிமருந்து. விறகில் இருந்து ஒரு பொறி மேலே போனால் போதும், சமைத்துக்கொண்டிருக்கிற அம்மாவின் தலைக்கு மேல் அத்தனையும் வெடிக்கும். அடுப்பு அணைந்திருந்தாலும் சிக்கல் தீரவில்லை. வண்ண வெடிகளில் அலுமினியப் பொடி இருக்கிறது. ஈரம் பட்ட அலுமினியப் பொடியும் வெடியுப்பும் தாமாகவே சூடேறக்கூடியவை.

உண்மையிலேயே நனைந்துபோனதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழித்துவிடுங்கள். காசு போனால் போகட்டும். நனையாமல் வைக்க வழி எளிது: வாங்கிய அன்றே மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, காஸ், மண்ணெண்ணெய்ப் போத்தல் எதுவும் இல்லாத அறையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு முன்னால் தேவையான அளவு மட்டும் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

"மகன் கொழும்புல வேலை. அங்க மலிவுன்னு பஸ்ஸுல ஒரு பேக் பட்டாசு கொண்டாறான். சரியா?"

வேண்டாம் என்று சொல்லுங்கள். பண்டிகைக்கு முந்திய இரவு ஹட்டன் பஸ்ஸில் பை வைக்க இடம் எங்கே கிடைக்கும்? டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல். கையை வைத்தால் பொறுக்காத சூடு அது. அதன் மேல் பத்து மூட்டை, நடுவில் பட்டாசு, சுற்றிலும் நெரிசலில் நிற்கிற சனம். ரயிலிலும் வெடிபொருள் கொண்டுபோகக்கூடாது.

இலங்கையில் பட்டாசு விற்க, 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கிம்புலாபிட்டியவில் இது ஒரு குடிசைத் தொழிலாகவே நடக்கிறது. நம் கடைகளுக்கு வருவதில் கணிசமானது அங்கிருந்து வருவது. பக்கத்து டவுனில் அனுமதியுள்ள கடையில், பெட்டியில் செய்தவர் பெயரும் கொளுத்துகிற முறையும் அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். பேப்பரில் சுற்றிப் பெயர் ஊர் இல்லாமல் விற்கிறதை விட்டுவிடுங்கள்.

"ராக்கெட் போத்தல்ல வச்சு விடுறோம். ஏன் நேரா போக மாட்டேங்குது?"

போத்தல் சாய்வதால். நம் ஊரில் தட்டை நிலம் குறைவு. காலிப் போத்தலுக்குக் கனமும் இல்லை. ராக்கெட் புறப்படுகிற உதைப்பில் போத்தல் விழும், ராக்கெட் கூட்டத்துக்குள் வரும். ஒரு துண்டு பீவிசி குழாயை அரை அடி மண்ணுக்குள் புதைத்து, சுற்றி மிதித்து இறுக்கி, குச்சி லேசாக நுழைகிறதா என்று பார்த்து வையுங்கள். ஆள் இல்லாத பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும்.

அப்புறம் காற்று. பள்ளத்தாக்கில் மாலையில் ஒரு பக்கம் அடிக்கிற காற்று இரவில் திரும்பிவிடும். கொளுத்துவதற்கு முன்னால் ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். லயத்துப் பக்கமோ, காய்ந்த மானா புல் பக்கமோ போனால் அன்றைக்கு ராக்கெட் வேண்டாம். ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியிலும் நுவரெலியாப் பக்கம் மாசி, பங்குனியிலும் மானா புல் காய்ந்து கிடக்கும். அந்தக் காலத்தில் வருகிற திருவிழா, கல்யாணம், கிரிக்கெட் வெற்றி எதற்கும் ராக்கெட்டும் வானத்தில் பறக்கவிடுகிற காகித விளக்கும் ஆகாது. காகித விளக்கு எங்கே இறங்கும் என்று விட்டவருக்கே தெரியாது. பைன் காட்டில் இறங்கினால் மலையே எரியும்.

"சுட்டுப்போச்சுன்னா முதல்ல என்ன பூசுறது? பற்பசையா, தேங்காய் எண்ணெயா?"

எதுவும் பூசக்கூடாது. பற்பசை, எண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளை, மை எதுவுமே. அவை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், கிருமியும் சேரும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை துடிக்கும். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். இருபது என்றால் கடிகாரம் பார்த்து இருபது. எரிச்சல் குறைந்ததும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம், அதுதான் பிழை. உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், காப்பு, இடுப்புக்கொடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய உடுப்பை இழுக்காமல் விட்டுவிடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

"எங்க பீலித் தண்ணி (மலை ஊத்துல இருந்து விழுற தண்ணி) ஐஸ் மாதிரி. அதுல இருபது நிமிஷம் புள்ளய வச்சா விறைச்சிடாதா?"

நல்ல கேள்வி, கொழும்பில் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களில் இதற்குப் பதில் இருக்காது. சுட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் பிடியுங்கள், பிள்ளையின் மற்ற உடம்பைக் கம்பளியால் சுற்றி வையுங்கள். பீலிக்கு அடியில் முழுப் பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். சூடு பெரிய இடத்தில் பட்டிருந்தால், பிள்ளை சிறிதாக இருந்தால், நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்தி உடம்பைச் சூடாக்கி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைப்பது எந்த ஊரிலும் தவறு.

"உடுப்புல தீ பிடிச்சா ஓடி தண்ணிக்குள்ள குதிக்கவா?"

ஓடினால் காற்றுப் பட்டுத் தீ கூடும். நின்ற இடத்திலேயே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். சரிவு என்றால் குறுக்காகப் படுத்து உருளச் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் கனமான கம்பளியால் கழுத்தில் இருந்து கீழ்நோக்கி மூடி அமுக்கலாம். கொழுந்து மலைக்குப் போர்த்திக்கொண்டு போன பழைய கம்பளி வீட்டில் இருந்தால் அன்றைக்கு வெளியே எடுத்து வையுங்கள். நைலான் போர்வை ஆகாது.

"கண்ணுல பட்டுருச்சுன்னா தண்ணி அடிச்சுக் கழுவலாமா?"

வெடித் துண்டோ பொறியோ கண்ணில் பட்டால் கழுவ வேண்டாம், கசக்க வேண்டாம், அமுக்க வேண்டாம், குத்தி நிற்கிறதைப் பிடுங்க வேண்டாம், மருந்தும் ஊற்ற வேண்டாம். கண் கிழிந்திருந்தால் கழுவுவதும் அமுக்குவதும் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் உட்கார வைத்து, விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டி, நேராக ஆஸ்பத்திரி. வலிக்கு அஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். 'நாளைக்குக் காலையில பார்ப்போம்' என்று படுக்க வைக்காதீர்கள், கண் சும்மா சிவந்திருக்கிற மாதிரித் தெரிந்தாலும்கூட.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது; கார்பைட் கேள்வியில் சொல்கிறேன்.

"எப்ப ஆஸ்பத்திரி, எப்ப டிஸ்பென்சரி? இந்தக் கல்ரோட்டுல ஆம்புலன்ஸ் வருமா?"

அடிபட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிய சூடு. முகம், கை, பாதம், மூட்டு, மர்ம இடங்களில் பட்ட சூடு. வெள்ளையாகவோ கருகியோ போய் வலியே இல்லாத சூடு. புகையை இழுத்து இருமுகிறவர். சின்னப் பிள்ளைக்குப் பட்ட எந்தக் கொப்புளமும்: இவை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு. மீதிக்கு டிஸ்பென்சரி போதும். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்று எங்கே போனாலும் கேளுங்கள்.

சுவசெரிய ஆம்புலன்ஸ் இலக்கம் 1990, காசு கிடையாது. லயம் வரைக்கும் வண்டி ஏறாது என்றால் அதையும் போனிலேயே சொல்லி, மெயின் ரோட்டில் எந்தச் சந்தி என்று பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் டிவிசன் பெயர், பக்கத்து டவுன், பக்கத்துக் கோயில் அல்லது பாலம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் மேல்பிரிவு, கீழ்பிரிவு என்று இருப்பதில் வண்டி தடுமாறும். ஓர் ஆள் டோர்ச்சோடு சந்தியில் நிற்கட்டும். கீழே இறக்கத் தோட்டத்து லொறியோ ஆட்டோவோ எது கிடைக்கும், ஓட்டுகிறவர் அன்றைக்குக் குடிக்காமல் இருப்பாரா என்பதைப் பண்டிகைக்கு முதல் நாளே கேட்டு வையுங்கள்.

விரல் துண்டாகிப் போனால்: காயத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அமுக்கிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டில் ஐஸ் நேராகப் படக்கூடாது.

"கூரையில தீ பிடிச்சா யாரக் கூப்பிடுறது?"

தீயணைப்புக்கு 110. கூப்பிடுங்கள், ஆனால் வண்டி பெரிய டவுனில் இருந்து வர வேண்டும். அதுவரைக்கும் லயத்துச் சனம்தான் தீயணைப்புப் படை. முதல் வேலை எல்லாக் காம்பராவிலும் இருந்து ஆட்களை வெளியே எடுப்பது. தீப் பிடித்த வீட்டில் இருந்து இரண்டு பக்கமும் கதவைத் தட்டிக்கொண்டே போங்கள், தூங்குகிற பாட்டியையும் தொட்டில் பிள்ளையையும் மறக்காமல். இரண்டாவது மெயின் சுவிட்சை அணைப்பது. லயத்து வயர்கள் கூரை மரத்தோடுதான் ஓடுகின்றன, கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிலிண்டரை எடுக்க முடிந்தால் எடுங்கள், தீ நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டுத் தூரப் போங்கள். அடையாள அட்டைக்கும் நகைக்கும் யாரும் திரும்பி உள்ளே போகக்கூடாது.

பண்டிகை இரவில் ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் நிரப்பிய பீப்பாய் ஒன்று, நனைத்த சாக்கு நாலைந்து, ஓர் ஏணி. இவ்வளவுதான் ஏற்பாடு.

"பட்டாசு சத்தத்துக்குக் குளவி கிளம்புமா?"

கிளம்பும். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்குப் புதிதில்லை. கோயில் அரச மரம், ஸ்டோர் கூரை ஓரம், பெரிய பாறை எங்கேயாவது கூடு தொங்குகிறதா என்று பகலிலேயே பாருங்கள். இருந்தால் இடத்தை மாற்றுங்கள். புகையும் அதிர்வும் போதும். ராக்கெட் நேராகக் கூட்டில் பட்டால் சொல்லவே வேண்டாம். கிளம்பிவிட்டால் தலையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ மூச்சு முட்டினாலோ 1990.

"நாயும் மாடும் மிரளுது. என்ன செய்ய?"

நாயை இருட்டுக்கு முன்னால் உள்ளே கட்டி, ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் வெடியே கூடாது: காய்ந்த புல் ஒரு காரணம், மிரண்டு கயிற்றில் சிக்குவது மற்றக் காரணம்.

"கோயில் திருவிழாவுக்கு வெளியூர்ல இருந்து வாணவேடிக்கைக்காரங்க வர்றாங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

வேலை அவர்களுக்குத் தெரியும். உங்கள் தோட்டத்தின் மேடும் பள்ளமும் தெரியாது. வானத்தில் போய் விரிகிற குண்டுகளுக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியில் ஒரு கணக்கு இருக்கிறது: குண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 70 அடி. மூன்று அங்குலக் குண்டு என்றால் கொளுத்துகிற இடத்தில் இருந்து எந்தப் பக்கமும் 210 அடிக்குள் ஆள் இருக்கக்கூடாது. தேர் நிற்கிற இடத்துக்கும் கொளுத்துகிற இடத்துக்கும் அந்தத் தூரம் இருக்கிறதா என்று கோயில் கமிட்டி முதலே பார்க்க வேண்டும். சரிவில் கீழே லயம் இருந்தால் அந்தக் கணக்கையும் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, இன்னும் கொளுத்தாத சரக்கு எங்கே இருக்கிறது என்பது. 2016 ஏப்ரல் 10ஆம் திகதி கேரளத்தின் பரவூர், புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொளுத்திய வெடியின் பொறி, வெடிகளைச் சேர்த்து வைத்திருந்த கட்டடத்துக்குள் விழுந்ததுதான் காரணம். மடப்பள்ளியிலோ சாமான் அறையிலோ வைக்க இடம் கேட்டால் கொடுக்காதீர்கள். கமிட்டிக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு என்று பார்க்க வேண்டாம், அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"யூடியூப்ல பாத்துட்டுப் பொடியன்க மூங்கில்லயும் பைப்புலயும் கார்பைட் போட்டு வெடிக்கிறாங்க. அது பட்டாசு இல்லையே, பயமில்லதானே?"

பட்டாசை விட மோசம். கார்பைட்டில் தண்ணீர் பட்டால் அசெட்டிலீன் வாயு வரும். இரும்பு ஒட்டுகிற வேலைக்குப் பாவிக்கிற அதே வாயு. பற்ற நேரமானால் பொடியன் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பான், அப்போதுதான் வெடிக்கும். 2025 தீபாவளிக்கு இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இந்தத் துப்பாக்கியால் ஏராளமான பிள்ளைகளுக்குக் கண் போனது செய்திகளில் வந்தது.

முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான். கார்பைட் தண்ணீரில் கரைந்து மிஞ்சுவது சுண்ணாம்பு. அது கண்ணை அரித்துக்கொண்டே போகும், ஆகவே இதற்கு மட்டும் உடனே சுத்தமான தண்ணீரால் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 'கார்பைட்' என்று டொக்டரிடம் சொல்லப் பிள்ளை பயப்படும். அடிக்க மாட்டோம் என்று சொல்லி உண்மையைக் கேட்டு வாங்குங்கள்.

"எங்க மாமா ரெண்டு போட்டுட்டு நான்தான் கொளுத்துவேன்னு நிப்பாரு. மூத்தவர எப்படித் தடுக்கிறது?"

இரவில் தடுக்க முடியாது, சண்டைதான் மிஞ்சும். காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து, இன்னும் எதுவும் உள்ளே போகாத நேரத்தில், முதல் சரவெடியை அவர் கையால் கொளுத்தச் சொல்லுங்கள். மரியாதையும் ஆச்சு. இரவுக்குக் கொளுத்துகிறவர் யார் என்று பகலிலேயே எல்லார் முன்னாலும் பேசி முடிவு செய்து, ஊதுபத்தியையும் டப்பாவையும் அவர் பொறுப்பில் விடுங்கள். ஒரு தோட்டத்தில் இதை இளைஞர் கழகமே எடுத்துச் செய்கிறது. மாமாக்கள் நாற்காலி போட்டு முன்வரிசையில் இருக்கிறார்கள்.

"மறுநாள் குப்பையக் கூட்டி எரிச்சுடலாமா?"

எரிக்காதீர்கள், வெடிக்காதது உள்ளே இருக்கும். இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். கானுக்குள் தள்ளுவதும் கூடாது, அந்தத் தண்ணீரை கீழே யாராவது பாவிப்பார்கள். வெடிமருந்தில் பேரியம் போன்ற நஞ்சுகள் உண்டு, கூட்டியவரும் பிள்ளைகளும் பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும்.

"மலைக்குள்ள நூல் சுத்தின உருண்டை மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. தீபாவளி வெடியா இருக்குமா?"

தொடாதீர்கள். அது காட்டுப்பன்றிக்கு வைக்கிற ஹக்கபட்டாஸாக இருக்கலாம். தீனிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். பன்றி கடித்ததும் வெடித்துத் தாடையைக் கிழிக்கும். சட்டவிரோதமானது. யானைக் குட்டிகள் பல இதைக் கடித்துத்தான் செத்திருக்கின்றன. பற்றவைக்கத் தேவையில்லை, அழுத்தினாலே போதும். ஆகவே வெடிக்காத பட்டாசுக்கு முன்னே ஒரு பதிலில் சொன்ன வாளித் தண்ணீர் முறை இதற்குப் பொருந்தாது: எடுக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, கல்லால் அடித்துப் பார்க்கவும் கூடாது.

வந்த காலடியிலேயே திரும்பிப் போங்கள், தூரத்தில் ஒரு குச்சியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள், நாயைக் கூப்பிட்டுக் கட்டுங்கள். கங்காணிக்குச் சொல்லி அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கப் போகாமல் நிறுத்தச் சொல்லிவிட்டு, பொலிஸுக்கு 119ஐ அழையுங்கள். வைத்தவர் யார் என்று தெரிந்திருந்தாலும், அவரே வந்து 'நான் எடுத்துர்றேன்' என்றாலும், எடுக்க விடாதீர்கள்.